சும்மா சுற்றும் இயந்திரம்

அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் குற்றாலலிங்கத்தின் முகம் கடுத்துவிடும். கேள்வியில் தவறில்லை. பதில்தான் கேட்டவருக்குப் போதாது. அது மின்சாரம் உண்டாக்காது. மாவு அரைக்காது, தண்ணீர் இறைக்காது, எதையும் இழுக்காது. சில யானைகளின் எடையுள்ள உருக்கு உருளை ஒன்று ஒரு கூட்டுக்குள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"சும்மா சுத்துததுக்கா இம்புட்டுச் செலவு?" என்று அவருடைய மைத்துனர் இசக்கி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் கேட்கும்படி கேட்டார். "எங்க ஊர்லயும் நாலு பேரு சும்மா சுத்துதாம் மாப்ள. அவனுவளுக்கும் ஒரு கட்டடம் கட்டிக் குடுங்க."

பந்தி சிரித்தது. குற்றாலலிங்கம் பாயசம் வரும்வரை இருக்காமல் எழுந்துபோனார்.

இசக்கியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கயத்தாற்றுக் கரிசலிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. ஆனி பிறந்து மேல்காற்று பிடித்தால் அவை எல்லாம் சுழலும், மின்சாரம் கொட்டும். ஆனால் அதே நாட்களில்தான் ஆற்றுப் படுகையில் வோல்டேஜ் சாய்ந்தது. அந்தக் காலத்துக் காற்றாலைகள் மின்சாரத்தைக் கொடுக்கும்போதே, தமக்கு வேண்டிய காந்த வலுவைக் கம்பியிலிருந்து உறிஞ்சிக்கொண்டன. கொடுத்ததைப் பற்றித் திறப்பு விழாக்களில் பேசினார்கள். எடுத்ததைப் பற்றிச் சேரன்மகாதேவியில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய மோட்டார்கள் மட்டும் பேசின. அவை முனகின, சூடேறின, ஒருநாள் புகைந்தன. இசக்கியின் மோட்டார் அடுத்தடுத்து இரண்டு ஆடியில் புகைந்தது. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தங்கை மாப்பிள்ளையை விட்டால் அவர் யாரைக் கேட்பார்?

அந்தக் காந்த வலுவை அருகிலிருந்தே கொடுத்து, சாய்கிற மின்னழுத்தத்தை நிமிர்த்திப் பிடிப்பதற்காகத்தான் நெல்லைக்கு வடக்கே கீரிப்பொத்தை துணை மின்நிலையத்தில் இந்தச் சுழலும் கண்டென்சரை நிறுவ முடிவாயிற்று. அது எந்த வேலையும் செய்வதில்லை என்பது உண்மை. மற்றவை வேலை செய்ய அது வேண்டும் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து ஒருவருக்குப் புரியவைக்கும் திறமை குற்றாலலிங்கத்துக்கு இல்லை. முதலாவதைச் சொன்னதும் கேட்டவர் சிரித்துவிடுவார்; சிரித்தவருக்கு இரண்டாவதைச் சொல்ல இவருக்கு மனம் வராது.

அவர் டிப்ளமா முடித்த இளநிலைப் பொறியாளர். மேலே பட்டம் பெற்ற பொறியாளர்கள், கீழே கம்பத்தில் ஏறும் ஆட்கள். இரு பக்கமும் அவரைத் தங்களில் ஒருவராக எண்ணியதில்லை. பியூஸ் போன ஊருக்கு ஏணி அனுப்புவதிலும், கம்பம் சாய்ந்த வயலுக்கு ஆள் அனுப்புவதிலும் அவருடைய இளமை கழிந்தது. சரிசெய்ததெல்லாம் மறுபடி கெட்டது. இது நான் நிறுத்தி வைத்தது என்று விரல் நீட்டிக் காட்ட அவருக்கு ஒன்றுமில்லை. கீரிப்பொத்தை வேலைக்கு அவரைப் போட்டபோது அதனால்தான் அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே போய் அந்தப் பொட்டலைப் பார்த்துவிட்டு வந்தார். அவரை நேர்மையானவர் என்று சொல்லப் பலர் இருந்தார்கள். பழக இனியவர் என்று சொல்ல எவரும் முன்வந்ததில்லை. தான் அளந்ததை இன்னொருவர் மறுபடி அளந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்.

அஸ்திவாரம் தோண்டியதில் பாறை வந்தது. வெடி வைக்க அனுமதி வருவதற்குள் மழைக்காலம் வந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கிய பாகங்கள் டிரெய்லரில் ஏறிப் புறப்பட்ட பிறகு, ஓடைப் பாலம் ஒன்று தாங்காது என்று தெரிந்து வழியிலேயே நின்றன. பாலத்துக்கு முட்டுக் கொடுத்து முடித்தபோது டிரெய்லரின் டயர்கள் வெயிலில் வெடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பொறுப்பு. எந்த ஒன்றுக்கும் எவரும் பொறுப்பில்லை. இடத்தில் நின்றிருந்தவர் குற்றாலலிங்கம் என்பதால் எல்லாக் கேள்வியும் அவரிடம் வந்தது.

கேள்வி கேட்பவர் செயற்பொறியாளர் காஜா முகைதீன். குரலை உயர்த்தவே மாட்டார். "என்னவே, உம்ம மெஷினு இந்த வருச ஆடியா, வார வருச ஆடியா? சொல்லிட்டீருன்னா நான் லீவு போட்டுக்கிடுவேன்" என்பார்.

பாகங்களைத் தூக்கி நிறுத்தும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார். அவருடைய ஆட்களுக்குத் தலைவர் பிச்சைக்கண்ணு மேஸ்திரி. ஜாக்கி, வின்ச், ஸ்லீப்பர் கட்டை, கிரீஸ் பூசிய தண்டவாளம் இவற்றை வைத்துக்கொண்டு எதையும் நகர்த்திவிடுவார்கள். சத்தமும் சண்டையும் அதிகம். வேலையை நாலு மணிக்கு மேல் செய்ய மாட்டார்கள். குற்றாலலிங்கத்துக்கும் அவர்களுக்கும் நாள்தோறும் தகராறு நடக்கும்.

இயந்திரத்தின் இரு முனைகளிலும் உருளையைத் தாங்க இடுப்பளவு உயரத்தில் இரண்டு இரும்புத் தூண்கள் உண்டு. அவற்றின் தலையில்தான் பேரிங் உட்காரும். பின்முனைத் தூணுக்கு அடியில் மட்டும், மின்சாரம் கடக்காத ஒரு பழுப்புத் தாளைப் போட வேண்டும். அட்டையைப் போன்று கெட்டியான தாள். இத்தனை பெரிய உருளை சுற்றும்போது அதில் தானாகவே கொஞ்சம் மின்னோட்டம் ஊறும். இரண்டு தூண்கள் வழியாகவும் தரையைத் தொட முடிந்தால் அது வட்டமாக ஓடத் தொடங்கி, பேரிங்கின் உட்பூச்சைப் பொறிப்பொறியாகத் தின்றுவிடும். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் வட்டம் கூடாது. அந்த அடைப்புத்தான் பழுப்புத் தாள்.

குற்றாலலிங்கம் தானே குனிந்து தாளைப் போட்டு, தூணை அதன்மேல் இறக்கி, மெக்கர் கருவியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். முள் எல்லையின்மைக் குறியில் போய் நின்றது. துளி மின்சாரமும் கடக்கவில்லை என்று பொருள். எல்லையின்மையைக் கண்ணால் பார்த்துவிட்ட மனிதருக்கு அதன்பிறகு சந்தேகம் எழுவது கடினம்.

உருளையைக் கூட்டுக்குள் நுழைப்பதற்குப் பின்முனைத் தூண் இடைஞ்சல். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உருளை உள்ளே போனதும் மறுபடி அதே தாளின்மேல் வைப்பதுதான் முறை. கழற்றி வைத்தார்கள். உருளையைத் தூக்கிய அன்று சங்கிலியின் ஒரு கண்ணி விட்டது. உருளை ஒரு சாண் இறங்கிக் கட்டைமேல் சாய்ந்தது. கட்டை தெறித்துச் சுடலைராஜின் இடது பாதத்தின்மேல் விழுந்தது. சுடலைராஜ் ஜாக்கி பிடிக்கிறவன், முப்பது வயதுக்காரன், கூட்டத்தில் அதிகம் சிரிக்கிறவன். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் எவரும் வேலையைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும் தொடவில்லை.

"அடியில தகடு வைக்காம நாங்க தூக்க மாட்டோம் சார்" என்றார் பிச்சைக்கண்ணு. "வீட்டுக்கு நிலை வைக்கையில அடியில எதும் போடாம வைப்பாங்களா? இது எம்புட்டுப் பெரிய சாமானம். வெறுங்காலோட நிக்கி. அதான் காலைக் கேக்கு."

"ஏன் மேஸ்திரி, கண்ணி தேஞ்சு போன சங்கிலியைக் கொண்டாந்தது யாரு? தகடா?"

"சங்கிலி எல்லா இடத்துலயுந்தான் தேயுது. எல்லா இடத்துலயும் காலா போகுது?"

சுடலைமாடன் கோயிலில் சாமியாடும் கோமரத்தாடி மந்திரம் எழுதிக் கொடுத்த செம்புத் தகட்டை அவர் ஏற்கெனவே வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

குற்றாலலிங்கம் படிக்கும் காலத்தில் பாளையங்கோட்டையில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போனவர். ஆயுத பூசைக்கு அலுவலகத்தில் பொரி கொடுத்தால் பொரியை வாங்கிக்கொள்வார்; திருநீற்றை வாங்க மாட்டார். மேஸ்திரியைப் பேச்சால் மடக்கப் பார்த்தார். ஒப்பந்தக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். வேறு ஆட்களைக் கொண்டுவருவதாக மிரட்டினார். கொட்டகையில் உருளை பாதி தூக்கிய நிலையில் கட்டைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் காஜா முகைதீன் போன் செய்து, "லீவு போட்டுரட்டுமாவே?" என்றார்.

அன்று பிற்பகல் குற்றாலலிங்கம் கொட்டகைக்கு வந்து சொன்னது இதுதான்: "நான் பாக்கலை. என்னமும் செஞ்சுக்கோங்க. நான் டீ குடிச்சிட்டு வரும்போது வேலை ஓடணும்."

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். எங்கே வைக்கப்போகிறார்கள் என்று கேட்டால் சம்மதித்தது போல ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். கேட்காமல் போனதால் சம்மதம் இல்லாமல் போய்விடுமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. டீயை மெதுவாகவே குடித்தார். திரும்பி வந்தபோது பூசைச் சத்தம் ஓய்ந்து வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் உருளை கூட்டுக்குள் போனது, தூண் தன் இடத்துக்கு வந்தது, போல்ட்டுகள் முறுக்கப்பட்டன. அவருக்கு வந்த நிம்மதியில் தூணின் பக்கம் வீசிய சாம்பிராணி மணத்தைக்கூட அவர் குறை சொல்லவில்லை.

உருளை உட்கார்ந்துவிட்டால் தாளைச் சோதிக்க முடியாது. மறுமுனை வழியாக உருளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெக்கர் எப்போதும் பூஜ்யத்தைத்தான் காட்டும். பேரிங்கைக் கழற்றி, உருளையை ஜாக்கியில் தாங்கி, தூண் தனியாக நிற்கும் வேளையில்தான் மறுபடி பார்க்க முடியும். பார்க்கவேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்று அல்லவா?

முதல் சோதனை ஓட்டத்தில் இயந்திரம் நன்றாகத்தான் சுற்றியது. கொட்டகைத் தரை உள்ளங்காலில் மெல்ல அதிர்ந்தது. இசக்கியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று குற்றாலலிங்கம் நினைத்தார். சில நாட்களில் பின்முனைப் பேரிங் சூடேறியது. இன்னும் சில நாட்களில் அதிர்வு கூடி, இயந்திரம் தானாகவே நின்றது. திறந்து பார்த்தால் உட்பூச்சு கெட்டிருந்தது. எண்ணெய் சரியில்லை என்றார் குற்றாலலிங்கம். எண்ணெயை மாற்றி, பேரிங்கையும் மாற்றினார்கள். அடுத்த காற்றுக்காலத்துக்கு முன் இரண்டாவது ஓட்டம். அதே முனை, அதே சூடு. அந்த ஆடியில் இசக்கியின் மோட்டார் மூன்றாம் முறையாகப் புகைந்தது.

"உங்க மெஷினுக்குக் காய்ச்சலு, எம் மோட்டாருக்கு மாரடைப்பு" என்று அவர் தங்கை முத்துராணியிடம் சொல்லி அனுப்பினார். முத்துராணி அதைச் சிரிக்காமல் கணவரிடம் சொன்னாள். "அண்ணன் சொல்லச் சொன்னாவ. நான் ஒண்ணும் சொல்லலை."

இயந்திரத்தைச் செய்த தொழிற்சாலையிலிருந்து சுந்தர்ராமன் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர், வடக்கே வேலை, ஊர்ப்பக்கம் வரக் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. பேரிங்கின் உட்பூச்சைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அம்மைத் தழும்பு போலப் பொடிப்பொடியான குழிகள்.

"இது எண்ணெய் பண்ற வேலை இல்லை. கரண்ட் போயிருக்கு. அடியில இருக்கற தாளை ஒருதடவை பாத்துடலாமே? இப்பதான் கழட்டி வச்சிருக்கேளே, கால் மணி நேர வேலை."

"பாத்தாச்சு."

"எப்போ?"

"வைக்கையில. இன்பினிட்டி."

"வைக்கையில சரி. இப்போ பாப்போமே."

"நான் பொய் சொல்லுதேங்கீங்களா? நானே குனிஞ்சு பாத்தது. உங்க கம்பெனி பேரிங்குல உலோகக் கலவை சரியில்லை. அதை மறைக்க என் தாளைக் குத்தம் சொல்லுதீங்க."

சுந்தர்ராமன் கையைத் துடைத்துக்கொண்டார். காஜா முகைதீனுக்கு இரு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. தன் ஆளின் பேச்சை நம்புவது எளிதாக இருந்தது, அதையே நம்பினார். புதிய கலவையில் செய்த பேரிங் வரும், அதையும் போட்டுப் பார்ப்பது, அது மூன்றாவதும் கடைசியுமான சோதனை என்று முடிவாயிற்று. அதிலும் கெட்டால் இயந்திரத்தைப் பிரித்து வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அஸ்திவாரம் மட்டும் பொட்டலில் நிற்கும்.

அடுத்த ஆண்டு வைகாசியில் புதிய பேரிங் வந்தது. போட்டு மூடினார்கள். ஆனிக் காற்றுக்கு முன் ஓட்டியாக வேண்டும். குற்றாலலிங்கம் தூக்கம் கெட்டு, எல்லோரையும் கடிந்துகொண்டு திரிந்தார். எண்ணெய்க் குழாயைத் துடைத்தவனைத் திட்டி மறுபடி துடைக்கச் சொன்னார். ஒப்பந்தக்காரரைத் திட்டினார். வடக்கத்தித் தொழிற்சாலையைத் திட்டினார். அவரோடு சேர்ந்து டீ குடிக்க வருவதை உதவியாளர்கள் நிறுத்திவிட்டார்கள்.

டீக்கடை மின்நிலையத்தின் வாசலில் இருந்தது. சுடலைராஜ் நஷ்டஈட்டில் போட்ட கடை. அவனுடைய மரக்கால் ஸ்டூலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டகையின் இரைச்சல் அங்கே நன்றாகக் கேட்கும் என்பதால் இயந்திரத்தின் உடல்நிலையைப் பற்றி அவனுக்கு எப்போதும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி வெந்து போயிக் கிடக்கு? திங்கக்கிழமையா ஓட்டம்?"

"ஓடும். ஓடிட்டு நிக்கும். உன் டீ மாதிரி. குடிக்கையில சூடு, அப்புறம் ஒண்ணுமில்ல."

"டீயை எதுக்குப் பழிக்கீரு? உம்ம மெஷினு என் காலைத் தின்னுருக்கு. நானே அதைத் திட்டலை. சும்மா சூடுதானே ஆவுது? வேற ஆளுக்கு எதும் ஆச்சா? ஆவாது. தகடு அடியில இருக்க வரைக்கும் ஆளுக்கு ஒண்ணும் வராது."

"ஆமா, தகடு. மண்ணுக்குள்ள கிடந்து பச்சை பூத்திருக்கும்."

"மண்ணுக்குள்ள எங்க? அஸ்திவாரக் குழியத்தான் நீரு முன்னமே சிமெண்டு போட்டு அடைச்சிட்டீரே. கடைசித் தூணுக்கு அடியில வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்பம் மேஸ்திரி சொன்னாரு. கசங்கிரக் கூடாதுன்னு அந்தப் பழுப்பு அட்டையோட ஓரத்தை அணைச்சு, புஸ்தகத்துக்கு அட்டை போடுத மாதிரி மடிச்சு..."

குற்றாலலிங்கம் கண்ணாடி டம்ளரைப் பலகையில் வைத்தார். வைத்த இடத்தில் பலகை இல்லை. டம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

"அண்ணாச்சி?"

தாளின் ஓரத்தை அணைத்து மடித்த செம்பு. ஒரு பக்கம் மேலே தூணைத் தொடும், மறுபக்கம் கீழே இரும்பைத் தொடும். அடைத்து வைத்த வழியில் அதைவிட ஒழுங்காக ஒரு பாலம் கட்ட முடியாது. இரண்டு ஆண்டுகளாக அவர் எண்ணெயையும் கலவையையும் மனிதர்களையும் மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாலம் நின்ற இடத்தில் நின்றது. சுந்தர்ராமன் கேட்ட கால் மணி நேரம் அப்போது அவருக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை பேரிங்கைத் திறந்து உருளையை ஜாக்கியில் தாங்கி நிறுத்தினார்கள். மெக்கரை வைத்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, தூணை நூல் அளவு தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். தூணைச் சுற்றிப் பூசியிருந்த சாம்பல் நிறப் பெயின்ட் பிளந்து, உள்ளே செம்பின் விளிம்பு தெரிந்தது.

"மேஸ்திரி, அதை எடுங்க."

பிச்சைக்கண்ணு நகரவில்லை. "வச்சதை எடுக்கப்பிடாது சார்."

"அதாலதான் மெஷினு கெடுது. இந்தச் செம்புதான் கரண்டைக் கடத்துது. எத்தனை தடவை சொல்லுதேன்?"

"நீங்க சொல்லுதது இருக்கட்டும். தடுத்து வச்சிருக்கறதை எடுத்தா, எடுத்தவன்மேல வரும். என் ஆளு எவனும் தொட மாட்டான். எனக்குப் பொட்டப்புள்ள கல்யாணத்துக்கு நிக்கி."

"மேஸ்திரி, இது நின்னு போச்சுன்னா பிரிச்சு லாரியில ஏத்திருவான். அப்பம் நீங்கதான் வந்து பிரிக்கணும். அப்பமும் எடுக்கத்தானே வேணும்?"

பிச்சைக்கண்ணு தன் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஜாக்கியைப் பிடித்திருந்தவன் பிடியை விடாமலே தலையைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக முதுகைக் காட்டி நின்றார்கள். மேஸ்திரி கடைசியாகத் திரும்பினார்.

"நாங்க பாக்கலை சார். என்னமும் செஞ்சுக்கோங்க."

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அன்று கேட்டதை மரியாதையான ஒரு பேச்சு என்று நினைத்து வைத்துக்கொண்டிருந்தார் போலும்.

குற்றாலலிங்கம் தரையில் படுத்து, குறடை உள்ளே நீட்டினார். நூல் அளவு இடைவெளி. தலைக்கு மேலே உருளை. பகுத்தறிவுக் கூட்டங்களில் கேட்ட பேச்சுகள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் குறடு தகட்டைக் கவ்வியதும் ஒருமுறை மேலே உருளையைப் பார்த்துக்கொண்டார். இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். மடிப்புக் கிழிந்து, தாளையும் கிழித்துக்கொண்டு பாதி வந்தது. தூசியும் பெயின்டுத் துகளும் கண்ணில் விழுந்தன. மீதியும் வந்தது. எழுந்தபோது சட்டை முழுக்க எண்ணெய்.

"எடுத்தாச்சு" என்றார். அவர்கள் உடனே திரும்பவில்லை.

மேஸ்திரியிடம் நீட்டினார். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் கம்பத்தில் ஏறுகிறவர்கள் மாட்டும் ரப்பர் கையுறை ஒன்றுக்குள் தகட்டைப் போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டார் குற்றாலலிங்கம். புதிய தாள் போட்டுத் தூணை இறக்கினார்கள். மெக்கர் முள் மறுபடி எல்லையின்மைக்குப் போனது. இந்தமுறை அவர் நான்கு தடவை பார்த்தார். உதவியாளர்களையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

இயந்திரம் திங்கட்கிழமை ஓடியது. மாதம் முடிந்தும் பேரிங் சூடேறவில்லை. ஆனிக் காற்று வந்தது, ஆடிக் காற்று வந்தது. கீரிப்பொத்தையில் மின்னழுத்தம் சாயாமல் நின்றது.

காரணத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். புதிய கலவைதான் காரணம் என்று எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள். தாள் கிழிந்திருந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகாது. குற்றாலலிங்கம் ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு காஜா முகைதீனின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். துணிச்சல் என்று இதைச் சொல்ல முடியாது. சுந்தர்ராமன் சொன்னது சரி என்பதைத் தன் வாயால் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு பிடிவாதம். அளவு தவறினால் தவறியது என்று சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம்.

"யாருவே வச்சது?"

"ஆளுங்க வச்சாங்க சார். நான் பாக்கலை."

"எங்கன நின்னீரு?"

"டீக்கடையில."

காஜா முகைதீன் தகட்டைத் தொடாமல் கையுறையின் வாய் வழியாகப் பார்த்தார். "பாக்கத்தானே உம்மை அங்கன போட்டுருக்கு? அவனுவ வச்சதைக்கூட நான் தப்புங்க மாட்டேன். அவனுவ கண்ணு முன்னால ஒருத்தன் கால் போச்சு. நீரு அதை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். இல்ல, கூட நின்னு, ஏ இங்கன வேண்டாம், அந்தச் சுவத்துல மாட்டுன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டும் இல்லாம டீயா குடிச்சீரு?"

அவருக்கு மெமோ வந்தது. பின்னால் மாற்றலும் வந்தது. பாளையங்கோட்டையில் மீட்டர் சோதிக்கும் பிரிவு. அங்கே பலகை பலகையாக மீட்டர்கள் சுற்றும். அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கீரிப்பொத்தைக் கொட்டகைச் சுவரில் பதித்த கல்லில் அவருடைய பெயர் இல்லை. திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பும் இல்லை. சுடலைராஜ் மட்டும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அவரைத் தேடிவந்து செய்தி சொன்னான். "ஜம்முனு ஓடுது அண்ணாச்சி. தகட்டை எடுத்தும் உமக்கு ஒண்ணும் ஆவலை பாத்தீரா? அது அப்பமே அதோட வேலைய முடிச்சிட்டு."

"அதோட வேலை பேரிங்கைத் தின்னது."

"காலுக்குப் பதிலா பேரிங்கைத் தின்னுச்சு. அதைத்தான் நானும் சொல்லுதேன்."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. மூன்று வாக்கியங்களில் சொல்லக்கூடிய பதில். அவற்றைச் சொல்லவும் செய்தார். சுடலைராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனான்.

அந்த ஆண்டு ஆவணியில் இசக்கி வீட்டுக்கு வந்தார். வாழைத்தார் ஒன்றைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். உள்ளே முத்துராணி கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்னெல்லாம் அந்த மாதத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் கல் சுற்றாமல் முனகும். அன்று தடையின்றிச் சுற்றியது.

"இந்த வருசம் மோட்டாரு புகையலை மாப்ள" என்றார் இசக்கி. "ஆடி பூரா ஓடிச்சு."

குற்றாலலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வாக்கியத்துக்காக அவர் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்.

"இந்தத் தடவை மோட்டாருக்குக் காயில் கட்டுனது முக்கூடல்காரன்" என்று இசக்கி தொடர்ந்தார். "என்னமா கட்டியிருக்காங்கீய! கைராசிக்காரன். மத்தவனுவ எல்லாம் திருட்டுப்பயலுவ. உங்களுக்கும் எதும் கட்டணும்னா சொல்லுங்க, நான் கூட்டிட்டு வாரேன்."

"அது காயில் இல்ல அத்தான். கீரிப்பொத்தையில..."

"ஆங், அந்தச் சும்மா சுத்துததா? இன்னும் சுத்துதா அது?"

முத்துராணி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து இரண்டு பேருக்கும் காப்பி வைத்தாள். கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ காப்பியக் குடி" என்றாள்.

தகடு உள்ளே இருக்கும் ரப்பர் கையுறை அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. தூக்கிப்போட அவள் சம்மதிக்கவில்லை, தொடவும் சம்மதிக்கவில்லை. குற்றாலலிங்கம் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறார். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அலமாரியை நகர்த்தியபோது, அவர் மீட்டர் பிரிவுக்கு லீவு போட்டுவிட்டு, நகர்த்தி முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.